பக்கத்து சீட்டிலிருந்து வாங்கிய கார்

சித்தி உட்கார்ந்தாலும் அவளுடைய வலது கால் உட்காராது. பேருந்தில், பல் மருத்துவரின் நாற்காலியில், சினிமாத் தியேட்டரில், சொந்த வீட்டு சோபாவில், எங்கே உட்கார்ந்தாலும் அந்தக் கால் குதிகாலை ஊன்றி, முன்பாதத்தை லேசாகத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும். எதிரே ஏதாவது வேகமாக வந்துவிட்டால் படக்கென்று தரையை அழுத்தும். வருவது டிவியில் ஓடும் குதிரையாக இருக்கலாம், கையில் காபியோடு வருகிற சித்தப்பாவாகவும் இருக்கலாம். ஒரு முறை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கப் படுக்க வைத்தார்கள். படுக்கை மெல்ல நகர்ந்து இயந்திரத்துக்குள் போனபோது அங்கேயும் அழுத்தியிருக்கிறாள். "அசையாதீங்கம்மா!" என்று ஒலிபெருக்கியில் அதட்டல் வந்தது. "நான் அசையலைங்க, நிறுத்தினேன்," என்று உள்ளேயிருந்து பதில் போனது.

வீட்டில் சோபாவுக்கு முன்னால் விரித்திருந்த கம்பளத்தில் ஓரிடம் மட்டும் வழுக்கை விழுந்திருந்தது. விருந்தாளிகள் பூச்சி அரித்ததென்று நினைப்பார்கள். சித்தப்பா திருத்துவார்: "பூச்சியில்ல, பொண்டாட்டி."

சித்தி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். சலவைக்கடைக்கு மாடியில் ஒற்றை அறை அலுவலகம், ஒரு மேசை, சாலைக் குறிகள் அச்சடித்த ஒரு பெரிய படம், கீழே தெருவில் ஒரு கார். அந்தக் காரில் பக்கத்து சீட்டுக்கும் தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச். அந்த சீட்டில்தான் சித்தி தன் வாழ்நாளில் பாதியைக் கழித்திருந்தாள். ஓட்டுபவர் பக்கம் அவள் உட்காருவது அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வரும் கொஞ்ச தூரம்தான்.

கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த, சித்தியின் அக்கா மகள் அவர்களோடு தங்கியிருந்தாள். இரண்டு தலைமுறையைக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். அதனால் அவளுடைய பெயரையே எல்லாரும் மறந்துவிட்டு 'பட்டதாரி' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவள் படித்தது புள்ளியியல். ஆனால் வீட்டில் மாத்திரையின் பக்கவிளைவு, வங்கி வட்டி, வாஷிங் மெஷின் சத்தம் என எல்லாம் அவளிடம்தான் வரும். "படிச்சவதானே, சொல்லு!" தெரியாது என்று சொன்னால் அவர்கள் முகத்தில் வரும் ஏமாற்றத்தைப் பார்க்கச் சகிக்காமல், அறைக்குள் போய்ப் போனில் தேடிப் பார்த்துவிட்டு வந்து, முன்பே தெரிந்ததுபோலச் சொல்வாள். தனக்கு உண்மையில் என்னதான் தெரியும் என்ற கேள்வி அவளைத் தூங்கவிடாமல் செய்த இரவுகள் உண்டு. அதற்கும் போனில் பதில் இல்லை.

பழைய கார் ஒரு நாள் நடுச்சாலையில் நின்றது, நின்றதுதான். மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மெதுவாக மூடினார். அந்த மூடலிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

மாணவர்கள் ஆளுக்கொரு இடத்தில் பாதியில் நின்றார்கள். பேக்கரிக்காரருக்கு இடப்பக்கம் மட்டும் திரும்பத் தெரியும். வலப்பக்கம் அடுத்த வாரப் பாடமாக இருந்தது. நர்ஸம்மா முன்னால் போவார், பின்னால் வரமாட்டார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் எல்லாம் கற்றுக்கொண்டிருந்தார், காரை ஸ்டார்ட் செய்ய மட்டும் பயம். "டீச்சர், எப்ப மறுபடி?" என்று தினமும் போன். கட்டணம் எல்லாரும் முன்பே கட்டியாயிற்று. வண்டி இல்லாவிட்டால் பள்ளி இல்லை. சித்தி சேமிப்பையெல்லாம் துடைத்து எடுத்தாள். புது வண்டிக்கு அது எட்டாது. போனில் விளம்பரங்களைப் புரட்டிப் பார்த்து, நேரடியாக உரிமையாளரே விற்கும் ஒரு வெள்ளைக் காரைப் பட்டதாரிதான் கண்டுபிடித்தாள்.

விற்றவர் ஒரு சிரிப்புக்காரர். "வாங்க" என்பார், சிரிப்பார். "வெயில் ஜாஸ்தி" என்பார், அதற்கும் சிரிப்பார். கார் வாசலில் குளித்து முடித்த குழந்தைபோல மினுமினுத்தது. அவர் சாவியை எடுத்து, "ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமாக்கா?" என்று அரைகுறையாக நீட்டினார்.

சித்தி சாவியைப் பார்க்கவே இல்லை. கால்கள் தானாக வண்டியைச் சுற்றிக்கொண்டு போயின. பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து, ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "ம், எடுங்க தம்பி," என்றாள்.

சிரிப்புக்காரர் ஒரு கணம் திகைத்து நின்றார். பிறகு சிரித்தார். அன்று அவர் சிரித்ததிலேயே மனம் நிறைந்து சிரித்த சிரிப்பு அதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று பின்னால் பட்டதாரிக்குத் தோன்றியது.

வண்டி தெருமுனையைத் தாண்டுவதற்குள் பாடம் தொடங்கிவிட்டது.

"கண்ணாடியப் பாத்தீங்களா?"

"பாத்தேன்க்கா."

"எங்க பாத்தீங்க, முகத்தத்தான பாத்தீங்க. பின்னால பாருங்க. கிளட்ச்லேருந்து கால எடுங்க. கால் வைக்கிற மணையா அது?"

"ஹஹ்ஹா! இல்லக்கா."

"அதென்ன தம்பி, கியர்லயே கைய வெச்சுக்கிட்டிருக்கீங்க? விட்டா ஓடிப் போயிடுமா?"

"பழக்கம்க்கா, பழக்கம்!"

"கெட்ட பழக்கம். கைய எடுங்க. ரெண்டு கையும் ஸ்டியரிங்ல."

அவர் சிரித்தார், ஆனால் கையை எடுக்கவில்லை. பாட்டுச் சத்தத்தைத்தான் கொஞ்சம் கூட்டினார். பின்சீட்டில் இருந்த பட்டதாரிக்கு, கார் வாங்கப் போன இடத்திலும் சித்தி வகுப்பெடுப்பது வேடிக்கையாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பியதும் சித்தி சித்தப்பாவிடம் தீர்ப்பு சொன்னாள்: "வண்டி தங்கம். ஓட்டினவன்தான் தகரம்."

'உள்ளது உள்ளபடி பார்த்துத் திருப்தியடைந்து வாங்குகிறேன்' என்ற தாளில் கையெழுத்துப் போட்டு, பணத்தைக் கொடுத்து, சித்தி முதன்முறையாக அந்தக் காரின் ஓட்டுபவர் சீட்டில் உட்கார்ந்தாள். முதல் திருப்பம். இரண்டாவது கியர். கற்றுக்கொடுப்பவள் செய்யவேண்டியபடியே கியரிலிருந்து கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தாள். 'டொக்' என்று கியர் தானாகக் கழன்று வந்து நடுவில் நின்றது. இன்ஜின் வீணாகக் கத்தியது. மறுபடி போட்டாள். மறுபடி 'டொக்'.

மெக்கானிக் உள்ளே பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "கியர் பல்லு தேஞ்சு போச்சு டீச்சர். கையால அமுக்கிப் பிடிச்சா நிக்கும். விட்டா துப்பிடும்."

"இது எப்ப ஆனது?"

"நேத்து வந்த நோயில்ல. மாசக்கணக்கா யாரோ அமுக்கிப் பிடிச்சே ஓட்டியிருக்காங்க."

சித்தி அங்கே கிடந்த ஒரு டயர் மேல் உட்கார்ந்தாள். பிறகு அவளுடைய தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்துப் பட்டதாரி பக்கத்தில் போய்க் குனிந்தாள். சித்தி சிரித்துக்கொண்டிருந்தாள். "பழக்கம்க்காங்கிறான்டி! அவன் என் காதுல பூ சுத்துறான், நான் அவனுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கத்துக்குடுத்துக்கிட்டிருக்கேன்!" சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது. "இத நான் விடமாட்டேன்."

போன் செய்தாள். சிரிப்புக்காரர், "நீங்களே பாத்துத்தானக்கா வாங்குனீங்க, ஹஹ்ஹா!" என்றார். மறுநாள் முதல் அந்த எண் எடுக்கப்படவே இல்லை.

சித்தப்பா மெத்தைக் கடையில் வேலை பார்ப்பவர், எதையும் அமுக்கிப் பார்த்து மெத்தென்று இருக்கிறதா என்று யோசிப்பவர். "விடும்மா. கோர்ட்டு கேஸுன்னு அலைஞ்சா செருப்புதான் தேயும்," என்றார்.

"தேயட்டும். கியர் பல்லே தேஞ்சு போச்சு, செருப்பு தேஞ்சா என்ன?" சித்தி பட்டதாரி பக்கம் திரும்பினாள். "ஏய் பட்டதாரி, இந்த மாதிரிக் கேஸுல நூத்துக்கு எத்தன பேர் ஜெயிப்பாங்க?"

"தெரியாது சித்தி."

"நீ படிச்சதே அதானடி!"

"அதுக்குக் கணக்கு வேணும் சித்தி. யாராவது எண்ணியிருக்கணும்."

"அப்ப நம்மளேருந்து எண்ண ஆரம்பிக்கலாம்," என்றாள் சித்தி.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை. சிறு தொகை வழக்குகளுக்கென்று இருக்கும் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே மனு கொடுக்கலாம் என்று பட்டதாரி கண்டுபிடித்தாள். இந்த முறை போனை மறைக்காமல், எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்து தேடியே கண்டுபிடித்தாள். சமையலறை மேசையில் மனு எழுதத் தொடங்கினார்கள். சித்தி சொல்ல, இவள் எழுத. கார் வாங்கிய நாள், மெக்கானிக் சொன்னது எல்லாம் எழுதியாயிற்று. "அப்புறம், ஓட்டிப் பாக்கும்போது அவர் கியரப் பிடிச்சுக்கிட்டே..." என்று பட்டதாரி தொடங்கியதும் சித்தி பேனாவைப் பிடித்து நிறுத்தினாள்.

"அத எழுதாத."

"சித்தி, அவருக்கு முன்னாடியே தெரியும்கிறதுக்கு அதுதான சாட்சி?"

"அத எழுதுனா, அப்ப நான் எங்க உக்காந்திருந்தேன்னு கேப்பாங்க. கார் ஓட்டக் கத்துக்குடுக்கிறவ, கார ஓட்டிப் பாக்காமயே வாங்கினான்னு ஊருக்கே தெரியணுமா? நாளைக்கு எவன் எங்கிட்ட வருவான்? பணம் போனா சம்பாதிக்கலாம். பேர் போனா பள்ளிக்கூடத்த இழுத்து மூடணும்."

சித்தி சொல்வதிலும் நியாயம் இருந்தது. சொல்லாமல் விட்டால் வழக்கு நிற்காது என்பதும் பட்டதாரிக்குத் தெரிந்திருந்தது. படித்தவள் என்றால் இங்கே அடித்துப் பேசியிருக்க வேண்டுமோ? இல்லை, அது சித்தியின் பெயர், சித்தியின் பள்ளி, முடிவும் சித்தியுடையதுதானோ? யோசித்துக்கொண்டே அந்த வரியை எழுதாமல் மனுவை முடித்தாள். எழுத்து அழகாக இருந்தது. அது ஒன்றுதான் திருப்தி.

வழக்கு மெதுவாக நகர்ந்தது. சிரிப்புக்காரர் முதல் முறை வரவில்லை. அடுத்த முறை அவர் வந்தார், நீதிபதி விடுமுறை. அதற்கடுத்த முறை மின்சாரம் இல்லை. ஆனால் சித்திக்குக் கோர்ட்டு பிடித்துப்போயிற்று. நடைக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரின் வழக்கைக் கேட்டு, ஆறுதல் சொல்லி, கடைசியில், "நீங்க வண்டி ஓட்டுவீங்களா?" என்று கேட்டு முடிப்பாள். வாசலில் நின்று வழக்கு எண்ணையும் பெயரையும் உரக்கக் கூப்பிடும் சேவகர் அவளுக்கு நண்பரானார். வெண்கலக் குரல், பெரிய மீசை. எந்தப் பெயரையும் மூன்று முறை கூப்பிடுவார். மூன்றாவது முறைக்குத் தெருவில் போகிறவர்களே நின்று, நம்மைத்தானோ என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

"வீட்டுலயும் இப்படித்தான் கூப்பிடுவீங்களாண்ணே?" என்று சித்தி கேட்டாள்.

"வீட்டுல எனக்கெங்கம்மா குரலு? அங்க கூப்பிடுறது அவ, ஆஜராகுறது நான்," என்றார் சேவகர்.

ஒரு வழியாக விசாரணை நாள் வந்தது. சித்தி அந்தக் காரையே ஓட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தாள், பிடிக்க வேண்டிய கியரைப் பிடித்தபடி, பற்களைக் கடித்துக்கொண்டு. மாணவர்கள் மூவரும் ஆதரவுக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பேக்கரிக்காரர் ஒரு பை நிறைய பன் கொண்டுவந்திருந்தார். அவர்களைப் பார்த்ததும் சித்திக்கு முகம் வெளுத்தது. "இவங்க எதுக்குடி வந்தாங்க?" என்று பட்டதாரியின் காதில் முணுமுணுத்தாள்.

சிரிப்புக்காரருக்கு வக்கீல் இருந்தார். எழுந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தார். "மேடம், மனுதாரர் யாரோ விவரம் தெரியாத பெண்மணி அல்ல. கார் ஓட்டுவதே இவங்க தொழில். ஊருக்கே கத்துக்கொடுக்கறவங்க. என் கட்சிக்காரர் சாவியை நீட்டினார், 'ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்'னு சொன்னார். இவ்வளவு அனுபவம் உள்ளவங்க ஓட்டிப் பார்த்து, திருப்தியாகி, கையெழுத்தும் போட்டு வாங்கியிருக்காங்க. குறை இருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். தெரியலைன்னா, குறை அதுக்கப்புறம் வந்தது. தெரிஞ்சும் வாங்கினாங்கன்னா, கேஸே இல்லை."

சிரிப்புக்காரர் தலையை ஆட்டினார். சிரிப்பை வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்ததில் கன்னம் உப்பியிருந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நடுத்தர வயது அம்மா, அதிகம் பேசாதவர். "அவர் சொல்றதுல நியாயம் இருக்கும்மா. குறை முன்னாடியே இருந்ததுன்னு மெக்கானிக் சொல்றார். சரி. ஆனா அது இவருக்குத் தெரியும், தெரிஞ்சே மறைச்சார்னு எப்படிச் சொல்றீங்க? நீங்க ஓட்டினப்ப தெரியாத குறை, அவருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

சித்தி எழுந்து நின்றாள். பின்வரிசையைப் பார்த்தாள். நர்ஸம்மா, கணக்கு வாத்தியார், பன் பையோடு பேக்கரிக்காரர். பட்டதாரி எழுதாமல் விட்ட அந்த ஒரு வரி அறை முழுக்கத் தொங்குவதுபோல இருந்தது. எழுந்து தானே சொல்லிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. சித்தி அவளைத் திரும்பிப் பார்த்தாள். 'வேணாம்' என்று சொல்லப்போகிறாள் என்று பட்டதாரி நினைத்தாள். சித்தி சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான் ஓட்டலைங்கம்மா."

"என்ன?"

"நான் அந்தக் கார ஓட்டிப் பாக்கல. அவர்தான் ஓட்டினாரு. நான் பக்கத்து சீட்டுல உக்காந்திருந்தேன்."

அறையில் சலசலப்பு. வக்கீலுக்கே அது புதுச் செய்தி. அவர் கட்சிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். கட்சிக்காரர் கூரையைப் பார்த்தார்.

"நீங்க கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கறவங்க," என்றார் நீதிபதி, ஒவ்வொரு சொல்லாக. "வாங்கற கார ஓட்டிப் பாக்கலையா?"

"வருஷக்கணக்கா பக்கத்து சீட்டுலயே உக்காந்து பழகிட்டேன்மா. கால் தானா அந்தப் பக்கம் போயிடுச்சு. ஏறினதும் வண்டியப் பாக்கணும்கிறது மறந்துபோச்சு. ஓட்டுறவரோட தப்பத்தான் பாத்தேன். கண்ணாடி பாக்கல, கிளட்ச்ல கால், கியர்ல கை. கைய எடுங்க தம்பின்னு தொண்ட கிழியச் சொன்னேன். எடுக்கவே இல்ல. பழக்கம்னாரு. நானும் கெட்ட பழக்கம்னு நெனச்சேன். கைய எடுத்தா கியர் கழண்டுடும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல." ஒரு மூச்சு விட்டாள். "மனுவுல இத எழுத வேணாம்னு நான்தான் சொன்னேன். வெக்கமா இருந்துச்சு."

முதலில் சிரித்தது கணக்கு வாத்தியார். அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. நர்ஸம்மா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். அறையே சிரித்தது. நீதிபதி பேனாவால் மேசையைத் தட்டினார், ஆனால் தட்டிக்கொண்டே ஒரு கோப்புக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். சித்தி தலையைக் குனிந்து நின்றாள். காது மடல் சிவந்திருந்தது.

கோப்பு இறங்கியபோது நீதிபதியின் முகம் பழையபடி ஆகியிருந்தது. "கார் எங்க இருக்கு?"

"கீழ முற்றத்துல இருக்குங்கம்மா."

"அவரே ஓட்டிக் காட்டட்டும். பாத்துடலாம்."

வக்கீல் மறுத்துப் பார்த்தார். "வண்டியில குறையே இல்லைன்னா ஓட்டறதுக்கு என்ன?" என்று கேட்டுவிட்டு நீதிபதி எழுந்து நடந்தார்.

கோர்ட்டு முழுக்க வராந்தாவில் வந்து நின்றது. முற்றம் வாசல் பக்கமாக லேசாகச் சரிந்திருக்கும். நீதிமன்றத்தின் சார்பில் ஓர் ஆள் காருக்குள் இருக்கவேண்டும் என்றதும் சேவகர் மீசையைத் தடவிக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறினார். சிரிப்புக்காரர் ஓட்டுபவர் சீட்டில் உட்கார்ந்தார். முதல் கியரில் ஒரு வட்டம். நன்றாகவே போனது. இரண்டாவதுக்கு மாற்றினார். கை கியரை விட்டு அகலவில்லை. எலும்பு தெரிய அமுக்கிப் பிடித்தபடி, ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கை வளைத்துக்கொண்டு, வராந்தாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இரண்டாவது வட்டம் வந்தார். வக்கீல் முகம் தெளிந்தது. எல்லாம் சரியாக இருந்தது.

சித்தியால் பொறுக்க முடியவில்லை. அவள் அதைத் திட்டமிட்டுச் செய்ததாகப் பின்னால் சிலர் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற பட்டதாரிக்குத் தெரியும், திட்டமும் இல்லை, தந்திரமும் இல்லை. கெட்ட பழக்கத்தோடு ஒருவர் கண்ணெதிரே கார் ஓட்டுகிறார், அவ்வளவுதான். முற்றமே அதிரும்படி ஒரு குரல் கிளம்பியது:

"கைய எடுங்க!"

எத்தனையோ பேரைப் பணியவைத்த குரல் அது. சிரிப்புக்காரர் பள்ளிப் பிள்ளைபோலத் திடுக்கிட்டுக் கையை எடுத்தார்.

'டொக்.'

இன்ஜின் ஊளையிட்டது. கார் கியரில்லாமல் சரிவில் தன்பாட்டுக்கு உருள ஆரம்பித்தது. சிரிப்புக்காரர் கியரைத் தேடினார், பிரேக்கை மறந்தார். பட்டதாரி பக்கவாட்டில் பார்த்தாள். சித்தி, நர்ஸம்மா, பேக்கரிக்காரர், கணக்கு வாத்தியார் நான்கு பேருடைய வலது காலும் ஒரே நேரத்தில் வராந்தாத் தரையை ஓங்கி மிதித்தன. குனிந்து பார்த்தால் அவளுடைய காலும்தான்.

தரை அழுந்தவில்லை, கார் நிற்கவில்லை. சரிவின் முடிவில் வாசல் ஓரமாக ஒரு ரோஜாத் தொட்டி இருந்தது. சேவகர் தன் சொந்தச் செலவில் வைத்து, தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடி. அது தன்னை நோக்கி வருவதைக் காருக்குள்ளிருந்து பார்த்தவரும் அவர்தான். பதற்றத்தில் அவருக்கு வந்தது ஒரே ஒரு வித்தைதான்.

"ரோஜா! ரோஜா! ரோஜாஆ!"

மூன்று முறை கூப்பிட்டும் செடி ஒதுங்கவில்லை. தொட்டி உடைந்து, அதன் மேல் ஏறி, கார் நின்றது.

நீதிபதி, "போதும்னு நெனைக்கிறேன்," என்றார்.

அன்றைக்கே தீர்ப்பு சொல்லப்பட்டது. குறை தெரிந்தே மறைக்கப்பட்டது. காரை விற்றவரே எடுத்துக்கொள்ள வேண்டும், பணத்தையும் அலைந்த செலவையும் திருப்பித் தரவேண்டும். சிரிப்புக்காரர் அன்று சிரிக்கவில்லை. ஆனால் காரை எடுத்துப்போக வந்தபோது, கொஞ்சம் தயங்கி நின்று, "கிளட்ச்ல கால் வைக்கக் கூடாதுன்னீங்களே, அது நெஜமாவாக்கா?" என்று கேட்டார். "நெஜமாத்தான் தம்பி," என்றாள் சித்தி.

வெளியே வந்ததும் சித்தி மாணவர்களுக்கு முன்னால் நின்றாள். "இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல. வேற பள்ளிக்குப் போறதுன்னா சொல்லுங்க, கட்டின பணத்தத் தந்துடுறேன்."

"எங்க டீச்சர் போறது?" என்றார் பேக்கரிக்காரர், எல்லாருக்கும் பன்னைக் கொடுத்துக்கொண்டே. "எனக்கு எடதுபக்கம் மட்டும்தான் திரும்பத் தெரியும். எங்க போனாலும் சுத்திச் சுத்தி உங்ககிட்டதான் வருவேன்."

சித்தி பயந்த பெயர் ஊரெல்லாம் பரவியது உண்மைதான். ஓட்டிப் பார்க்காமல் கார் வாங்கிய டீச்சர். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு வந்த மாணவர்களை உட்கார வைக்க அந்த ஒற்றை அறையில் நாற்காலி போதவில்லை. "நீங்களே தப்பு பண்ணியிருக்கீங்க, அப்ப எங்களத் திட்ட மாட்டீங்கல்ல?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். சித்தி அவர்களையும் திட்டினாள். வந்த பணத்தில் வேறொரு கார் வாங்கப் போனபோது, சித்தப்பாவும் பட்டதாரியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவளை ஓட்டுபவர் சீட்டில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். பட்டதாரிக்கும் ஒரு வேலை கிடைத்தது. இப்போதும் வீட்டில் கேள்வி கேட்கிறார்கள். "தெரியாது, பாத்துச் சொல்றேன்," என்று அவள் இருந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறாள். யாருடைய முகமும் வாடியதாகத் தெரியவில்லை. ஒருவேளை முன்பும் வாடவில்லையோ, அவள்தான் அப்படி நினைத்துக்கொண்டாளோ என்று இப்போது அதையும் யோசிக்கிறாள்.

எல்லாக் கணக்கும் நேராகிவிட்டது, ஒன்றைத் தவிர.

தீர்ப்பு சொன்ன அன்று சேவகர் முற்றத்தில் உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். சித்தி பணத்தை நீட்டினாள். வேண்டாம் என்றார். புதுத் தொட்டி வாங்கித் தருகிறேன் என்றாள். அதுவும் வேண்டாம் என்றார். நசுங்கிய செடியில் தப்பிப் பிழைத்த ஒரு கிளையை ஒடித்து அவள் கையில் கொடுத்தார். "நீங்க கத்தினதாலதானம்மா ஒடஞ்சது? நீங்களே நட்டு வளத்து, பூக்க வெச்சு, ஒரு பூ கொண்டாங்க. அது போதும் எனக்கு."

"ஒரு பூதானண்ணே! ஒரு மாசத்துல வந்துடும் பாருங்க," என்று சித்தி வாக்குக் கொடுத்தாள்.

அலுவலகத்து ஜன்னலில் அந்தக் கிளை வேர் பிடித்து, பச்சைப்பசேலென்று தழைத்து, ஜன்னல் கம்பியைச் சுற்றிக்கொண்டு, சாலைக் குறிகள் படத்தில் பாதியை மறைக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. முட்டை ஓடு போட்டார்கள், தேயிலைத் தூள் போட்டார்கள். வெயில் பக்கம் திருப்பினார்கள், நிழல் பக்கம் திருப்பினார்கள். நர்ஸம்மா எதையோ கரைத்து ஊற்றினார். சித்தி ஒரு நாள் செடிக்கு முன்னால் நின்று, மாணவர்களைத் திட்டுகிற குரலில் திட்டியும் பார்த்தாள். இலை வருகிறது, முள் வருகிறது. பூ மட்டும் வரவில்லை. கடையில் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று சித்தப்பா சொன்னபோது சித்தி முறைத்தாள். "ஏமாத்தச் சொல்றீங்களா?"

சேவகர் காலையும் மாலையும் கோர்ட்டு வாசலில் நிற்கிறார். சித்தியின் காரைத் தூரத்தில் பார்த்தாலே, தெருவே திரும்பும்படி, "டீச்சர்! டீச்சர்! டீச்சர்! பூ எங்க?" என்று மூன்று முறை கூப்பிடுவார். அதனால் அந்தப் பள்ளியில் சேர்கிற எல்லாரும் கோர்ட்டுத் தெருவுக்கு முந்தைய தெருவிலேயே திரும்பக் கற்றுக்கொள்கிறார்கள். ஏன் டீச்சர், நேராப் போனா பக்கம்தானே என்று யாராவது கேட்டால், "அந்தப் பக்கம் எனக்கு ஒரு பாக்கி இருக்கு. கண்ணாடியப் பாத்துத் திருப்புங்க," என்கிறாள் சித்தி.